படியெடுத்தோர் கையும் தமிழ் உரைநடையும்
(ஓலைச் சமயவுரைச் சுவடிகள் பற்றிய ஓர் ஆய்வு)

'படித்தவன் பாட்டைக் கெடுத்தான்; எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான்' என்பது நாட்டில் வழங்கும் பழமொழி. ஓதுவோன் நாவையும் எழுதுவோன் கையையும் இது ஒருங்கே பழிக்கின்றது. செய்யுட் சுவடிகளைப் பொறுத்தவரை இப்பழியில் ஓரளவு உண்மை உண்டு. எதுகையும் மோனையும் தளையும் காவல் நின்ற பாடல்களிலேயே ஏடெழுதினோர் பல பாடவேறுபாடுகளைப் புகுத்திவிட்டனர் என்பதைப் பதிப்பாசிரியர் அனைவரும் அறிவர். ஆயின், யாப்பின் காவல் சிறிதும் இல்லாத உரைநடைச் சுவடிகளை நோக்குமிடத்து, இப்பழமொழியை அவ்வாறே ஏற்றல் இயலுமா? கெடுத்தான் என்று நாம் கூறும் அவ்வெழுத்தனே, வாயினின்று பிறந்து காற்றோடு கலந்து மறையவேண்டிய உரையைப் பிற்காலத்தார்க்கு ஈந்தவன் அல்லனோ? இவ்வினாவையே இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றோம்.

ஆய்வுக்கு யாம் கொண்ட பொருள் சமயவுரைச் சுவடிகள். வைணவர் காலட்சேபம் என்றும், கிறித்தவர் பிரசங்கம் என்றும் வழங்குவன, மக்கள் முன்னிலையில் வாயாற் சொல்லப்பட்டுப் பின்னர் ஓலையில் ஏறியவை. அல்லது வாயாற் சொல்லப்படுதற்கென்றே ஓலையில் எழுதப்பெற்றவை. இருவகையிலும் பேச்சும் எழுத்தும் சந்திக்கும் இடம் இவையே. தமிழ் உரைநடையின் வளர்ச்சியை எழுதுவோர், உரையாசிரியர்களையும் மேனாட்டு மறைப்பணியாளர்களையும் பெயர் கூறிப் போற்றுகின்றனர். அவ்வாறு போற்றுதல் தகும். ஆயினும் உரைத்த வாய்க்கும் நமக்கும் இடையே நின்ற கையைப் பற்றி அவ்வரலாறுகள் பெரும்பாலும் வாய் திறவாமலே சென்றுவிடுகின்றன.

1. பட்டோலை மரபு

ஒருவர் சொல்ல மற்றொருவர் எழுதுதலைப் பட்டோலை கொள்ளுதல் என்பது பழைய வழக்கு. இம்மரபின் தலையாய சான்று திருவாய்மொழிக்கு எழுந்த ஈடு முப்பத்தாறாயிரப்படி. பதின்மூன்றாம் நூற்றாண்டில் திருவரங்கத்தில் நம்பிள்ளை நிகழ்த்திய விரிவுரையை, அதனைக் கேட்ட மாணவராகிய வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏடுபடுத்தினார். பகலில் கேட்டதை இரவில் எழுதிவந்தார் என்றும், எழுதி முடித்த ஏடுகளை ஆசிரியர் திருமுன் வைத்தபோது, தம் இசைவின்றி எழுதியமை கருதி நம்பிள்ளை அவற்றைத் தம்மிடமே வாங்கி வைத்துக்கொண்டார் என்றும், பின்னர் அவை ஈயுண்ணி மாதவர் வழியில் வழங்கலாயின என்றும் குருபரம்பரை நூல்கள் கூறும்.

படி என்பது ஈண்டு அளவைப் பெயர். ஒற்று நீங்கலாக முப்பத்திரண்டு எழுத்துக் கொண்டது ஒரு படி. அவ்வாறாயின் முப்பத்தாறாயிரப்படி என்பது ஏறத்தாழ 11,52,000 எழுத்துக்களாகும். நூலின் பெருமையைப் பொருளால் அன்றி எழுத்தின் தொகையால் குறிக்கும் இவ்வழக்கு, எழுதிய கையின் உழைப்பை நூற்பெயரிலேயே பொறித்து வைத்தது போலும்.

நம்பிள்ளையின் விரிவுரை வழி எழுந்த உரை இது ஒன்றே அன்று. அவர் பணித்தபடி மற்றொரு மாணவராகிய பெரியவாச்சான் பிள்ளை எழுதியது இருபத்துநாலாயிரப்படி. ஒரே ஆசிரியரிடம் பாடங்கேட்ட இருவர் எழுதிய உரைகளுள் ஒன்று மற்றொன்றினும் பன்னீராயிரம் படி மிகுந்துள்ளது. கேட்டதை எழுதுவோன் வெறுங்கருவி அல்லன். எதனைக் கொள்வது, எதனை விடுவது, எவ்வாறு சொல்வது என்று தேர்பவன் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

நம்பிள்ளை தாமே ஏடெழுதும் பணியால் அப்பெயர் பெற்றவர் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. நஞ்சீயர் தம் ஒன்பதினாயிரப்படியை நன்கு படியெடுத்துத் தருமாறு நம்பூர் வரதராசரிடம் அளித்தார். அவர் ஏடுகளோடு காவிரியைக் கடந்தபோது வெள்ளம் அவற்றைக் கொண்டுசென்றது. வரதராசர், கேட்டிருந்த பொருளை நினைவிற் கொண்டு முழுவதையும் மீண்டும் எழுதினார். சில இடங்களில் பொருள் முன்னினும் விளக்கமுற்றது. அதனைக் கண்ட நஞ்சீயர் உண்மையை உணர்ந்து, 'நம் பிள்ளை' என்று தழுவிக்கொண்டார் என்பர். இவ்வரலாறு மரபுவழிச் செய்தியே ஆயினும், படியெடுப்போன் பற்றி அக்காலத்தார் கொண்டிருந்த கருத்தினை நன்கு புலப்படுத்துகின்றது. மூலத்தினின்று வேறுபட்ட படி ஈண்டுப் பிழையெனத் தள்ளப்படவில்லை. பொருளறிந்து எழுதிய கையின் பயன் என ஏற்கப்பட்டது.

பிற்காலத்தே மணவாள மாமுனிகள் (1370–1443) சிதைந்த ஏடுகளைத் தேடித் தம் கையாலேயே படியெடுத்தார் என்பதும், ஈட்டை நாடெங்கும் பரப்பியமையால் 'ஈட்டுப் பெருக்கர்' என்று பெயர் பெற்றார் என்பதும் வைணவ உலகம் அறிந்தவை. உரை கூறுதலும் ஏடெழுதுதலும் ஒருவரிடமே ஒருங்கு அமைந்து, இரண்டும் ஒத்த சிறப்புப் பெற்றிருந்தன என்பது இதனாற் பெறப்படும். ஈட்டின் நடையை நோக்குக. 'இறே' என்னும் இடைச்சொல் மீண்டும் மீண்டும் வருதலும், இடையிடையே ஆசாரியர் வாய்மொழிகளும் நிகழ்ச்சிகளும் வந்து கலத்தலும், வினாவும் விடையுமாகப் பொருள் நகர்தலும், அவையில் எழுந்த குரலை ஏடு இழக்கவில்லை என்பதற்குச் சான்றாம்.

2. ஓலையும் எழுத்தும்

ஏடெழுதுவோன் பணியின் அருமையை உணர, ஓலை எழுத்தின் இயல்பினை அறிதல் வேண்டும். பனையோலையை வாரிப் பதப்படுத்தி, ஒரே அளவாக நறுக்கி, துளையிட்டு, எழுத்தாணியால் இருபுறமும் கீறுவர். கீறிய எழுத்து விளங்குதற்பொருட்டுக் கரியும் மஞ்சளும் இலைச்சாறும் கலந்து பூசுவர். ஓலையின் நரம்பு வழியே கை தவறின் ஏடு கிழியும். மெய்யெழுத்தின்மேற் புள்ளியிடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வடிவ வேறுபாடு காட்டப்படுவதில்லை. காலும் ரகரமும் ஒரே வடிவின. சொற்களுக்கிடையே இடைவெளி இல்லை. நிறுத்தக் குறிகளும் இல்லை.

இவ்வெழுத்து முறையில் எரியும் ஏரியும் ஒன்றுபோலவே தோன்றும். கொடுவும் கோடுவும் அவ்வாறே. செய்யுளாயின் ஓசையும் எதுகையும் ஐயம் அகற்றும். உரைநடையில் அத்துணை இல்லை. இடம் நோக்கிப் பொருள் உணர்ந்தே படித்தல் வேண்டும். ஆதலின் உரைநடையைப் படியெடுப்பவன் ஒவ்வோர் அடியிலும் பொருள் கொள்கின்றான். பொருள் கொண்ட பின்னரே எழுதுகின்றான். வீரமாமுனிவர் (1680–1747) ஏகார ஓகாரங்களுக்கு வேறு வடிவு வகுத்ததும், தம் கொடுந்தமிழ் இலக்கணத்தில் எழுத்து வடிவ மயக்கங்களை விளக்கியதும், இக்குறையைத் தாமே ஏடு படித்து உணர்ந்தமையால் அன்றோ?

மேலும், ஓலை நிலைத்த பொருள் அன்று. செல்லும் நீரும் அழிக்க, சில நூற்றாண்டுகளுக்குள் அது பொடியாகும். ஆதலின் இன்று நாம் காணும் பழைய உரை எதுவாயினும், பல கைகள் மாறிப் படியெடுக்கப்பட்டே நம்மை எட்டியது. படியெடுத்தல் ஒரு தலைமுறையில் நின்றிருப்பின் அந்நூலும் அத்தலைமுறையோடு மாய்ந்திருக்கும்.

3. தத்துவ போதகரும் அவர் எழுத்தரும்

பட்டோலை மரபு கிறித்தவ சமயவுரையிலும் தொடர்ந்தது. 1606இல் மதுரை வந்த இராபர்ட்டு தெ நொபிலி (1577–1656), தத்துவ போதகர் என்னும் பெயரால் தமிழில் விரிந்த உரைநடை நூல்களை ஆக்கினார். வடமொழியை அவர்க்குக் கற்பித்தவர் சிவதருமர் என்னும் அந்தணர். முதுமையில் கண்ணொளி மங்கிய நிலையில், மயிலாப்பூரில் தம் நூல்களைச் சொல்லி எழுதுவித்தும் திருத்துவித்தும் வந்தார். அவருடைய ஞானோபதேசத்தின் 26 பிரசங்கங்கள், இராசமாணிக்கம் அடிகளாரின் பதிப்பாக 1963இல் தூத்துக்குடியிலிருந்து வெளிவந்தன.

கண்ணொளி குன்றிய ஆசிரியர் ஒருவர் சொல்லி எழுதுவித்த தமிழ் யாருடையது? கருத்தும் வாதமும் சொல்லாட்சியும் அவருடையன என்பதில் ஐயமில்லை. ஆயின் அவர் நாவினின்று எழுந்த ஒலியைத் தமிழ் எழுத்தாக்கியவர், புணர்ச்சி கொடுத்தவர், வாக்கியத்தின் முடிவை வரையறுத்தவர் தமிழ் எழுத்தரே. பிறமொழியாளர் உரையைத் தமிழர் செவி ஏற்கும் வடிவில் ஏட்டில் அமைத்த அப்பணியை வெறும் எழுத்துவேலை எனல் பொருந்தாது. 'தமிழ் உரைநடையின் தந்தை' என்னும் பட்டத்தை நொபிலிக்கும் வீரமாமுனிவர்க்கும் மாறி மாறி அளிக்கும் வழக்கம் நம்மிடை உண்டு. அப்பட்டத்தில் எழுத்தர்க்கும் ஒரு பங்கு உண்டென்பதே எம் கருத்து.

4. படிகள் ஏன் வேண்டப்பட்டன?

சமயவுரைகள் பல படிகளாகப் பெருகியதன் காரணத்தை ஒரு நிலப்பகுதியைக் கொண்டு விளக்கலாம். திருவண்ணாமலைக்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட பெருவழியில் அமைந்தது கீழ்பென்னாத்தூர். ஏரிப்பாசனத்தையும் மானாவாரி நிலத்தையும் நம்பி வாழும் சிற்றூர்கள் அதனைச் சூழ்ந்துள்ளன. பண்டு செஞ்சி நாயக்கர் ஆட்சிக்கு உட்பட்டிருந்த இந்நாடு, 1649இல் பீசப்பூர்ப் படைக்கும், 1677இல் சிவாசிக்கும், 1698இல் முகலாயர்க்கும் கைமாறியது. அருளானந்தர் என்னும் சுவான் தெ பிரித்தோ (1647–1693) 1674ஆம் ஆண்டளவில் வந்து பணியாற்றியது இச்செஞ்சி நாட்டிலேயே.

போர் ஓயாத நாடு. ஒன்றுக்கொன்று தொலைவான ஊர்கள். குருமாரோ மிகச் சிலர். ஒரூர்க்கு ஒரு குரு வந்து சென்றபின் மீண்டும் வருதற்கு நெடுநாள் ஆகும். இடைக்காலத்தில் மக்களைக் கூட்டி மறைபொருளை உரைத்தவர் உபதேசியார் எனவும் வேதியர் எனவும் பெயர் பெற்ற தமிழரே. அவர்தம் கடமைகளை வரையறுத்தே வீரமாமுனிவர் வேதியர் ஒழுக்கம் என்னும் உரைநடை நூலை இயற்றினார். குரு இல்லாத இடத்தில் குருவின் உரையை ஏட்டிலிருந்து படித்துக் காட்டல் இவர்க்கு எளிதாயிற்று. மூட்டையில் கட்டித் தோளில் இட்டுக்கொண்டு ஊர்விட்டு ஊர் செல்லத்தக்கது ஓலைச்சுவடி. ஒரு சுவடியிலிருந்து மற்றொரு சுவடி, அதிலிருந்து வேறொன்று என உரைகள் இவ்வாறே பெருகின.

இங்கே எழுதுவோனும் படிப்போனும் பலகால் ஒருவரே. தாம் படிக்கப்போகும் உரையைத் தாமே படியெடுப்பவர், தம் ஊரார்க்கு விளங்காத சொல்லைக் காணின் விளங்கும் சொல்லை எழுதுதல் இயல்பே. அறியாமையால் நேரும் பிழையும் உண்டு. அறிந்து செய்யும் மாற்றமும் உண்டு. இரண்டையும் ஒரே நிரையில் வைத்துப் பிழை எனல் ஆய்வு நெறி ஆகாது.

5. தரங்கம்பாடி: ஓலையும் அச்சும்

1706ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 9ஆம் நாள் தரங்கம்பாடியில் கரையிறங்கிய சீகன்பால்கு (1682–1719), தமிழ் கற்றதே ஏடெழுதுவோர் துணையாலாம். முதிய பள்ளியாசிரியர் ஒருவரைத் தம் இல்லத்திலேயே பள்ளி நடத்தச் செய்து, சிறுவரோடு தாமும் எழுத்துப் பயின்றார். பின்னர் எழுத்தர்களை அமர்த்திச் சுவடிகளைத் தொகுத்தார். அவர்களை உள்நாட்டு ஊர்களுக்கு அனுப்பி, அந்தணக் கைம்பெண்களிடமிருந்து சுவடிகளை விலைக்கு வாங்கச் செய்ததை அவரே குறித்துள்ளார்.

1708இல் அவர் வகுத்த நூற்பட்டி 'மலபார் நூலகம்' எனப் பொருள்படும் இலத்தீன் தலைப்பினது. அதில் தமிழ்ச் சமயத்தார் நூல்கள் மட்டுமே 119 இடம்பெற்றுள்ளன. தம் சபையினர் நூல்கள், கத்தோலிக்கர் நூல்கள், இசுலாமியர் நூல்கள் என்பன தனித்தனிப் பகுதிகள். இப்பட்டியை 2012இல் வில் சுவீட்மன், இலக்குவன் ஆகியோர் ஆராய்ச்சிக் குறிப்புக்களோடு வெளியிட்டனர். இதனுள் எமக்கு வேண்டும் செய்தி கத்தோலிக்கர் சுவடிகள் பற்றியது. சமயக் கொள்கையில் அவர்களோடு கடுமையாக மாறுபட்ட சீகன்பால்கு, அவர்தம் ஏடுகளைப் படித்தே கிறித்தவத் தமிழ்ச் சொற்களைக் கற்றுக்கொண்டார். சருவேசுரன் முதலிய சொற்கள் இயேசு சபையார் ஏடுகளினின்று உலுத்தரன் சபையார் உரைகளுக்கு வந்து சேர்ந்தமை இவ்வாறே. இரு சபையாரும் மேடையில் ஒருவரையொருவர் மறுத்தனர். ஏட்டிலோ ஒரே சொற்களை வழங்கினர். இவ்விணைப்பிற்குப் பாலமாய் நின்றவை பெயரறியா எழுத்தர் படியெடுத்த சுவடிகளே.

அச்சு வந்தபின் ஓலை ஒழிந்தது என்று பொதுவாகக் கூறுவர். அது முழுவதும் பொருந்தாது. தமிழ் அச்சு 1578இலேயே கொல்லத்தில் தம்பிரான் வணக்கத்தோடு தொடங்கிவிட்டது. 1586இல் அடியார் வரலாறும், 1679இல் அம்பலக்காட்டில் தமிழ்–போர்த்துக்கேய அகராதியும் அச்சாயின. ஆயினும் அச்சு இடையறவுபட்டே நடந்தது. சுவடி இடையறவின்றி வாழ்ந்தது. தரங்கம்பாடிக்கு 1712இல் அச்சுப்பொறியும், 1713இல் ஆலே நகரிலிருந்து தமிழ் அச்செழுத்தும் வந்தன. 1715இல் புதிய ஏற்பாடு முற்றுப்பெற்றது. காகிதத் தட்டுப்பாட்டினால் சிறிய எழுத்துக்களை வார்க்கவும், பொறையாற்றில் காகித ஆலை அமைக்கவும் நேர்ந்தது. இத்தகைய நெருக்கடியில் வேதநூலும் வினாவிடையும் அச்சேற, வாரந்தோறும் நிகழும் சமயவுரை ஓலையிலேயே நின்றது. செருமனியின் ஆலே நகரில் பிராங்கே நிறுவனங்களின் காப்பகத்திலுள்ள தமிழ் ஓலைச்சுவடிகளுள் இச்சமயவுரைகளும் உள்ளன.

இன்னும் ஒன்று. 1714இல் வெளிவந்த நற்செய்திகளும் திருத்தூதர் பணியும் அடங்கிய நூலின் பெயர் 'அஞ்சு வேத பொஸ்த்தகம்' என்பது. ஐந்து என எழுதாது அஞ்சு எனவும், புத்தகம் எனாது பொஸ்த்தகம் எனவும் அச்சிட்டமை, இலக்கணம் அறியாத வேற்றுநாட்டார் பிழை என்று எள்ளப்படுவதுண்டு. அற்றன்று. அது அக்காலத் தரங்கம்பாடித் தெருவில் வழங்கிய தமிழ். அங்கு வாழ்ந்த எழுத்தர் செவி கேட்டுக் கை எழுதிய தமிழ். ஓலையின் வழக்கே அச்சிலும் ஏறியது. மக்கள் மொழி எவ்வாறிருந்தது என அறிய விழையும் மொழிநூலார்க்கு, இத்தகைய ஒரு பெயர் செம்மையான பல பக்கங்களினும் மிகுந்த பயன் தருவதாம்.

6. ஈழத்து ஏடுகள்

ஈழநாட்டில் இம்மரபு வேறொரு காரணத்தால் வலிமை பெற்றது. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்க குருமாரைத் தடைசெய்தனர். கோவாவிலிருந்து 1705இல் ஈழம் வந்த யாக்கோமே கொன்சால்வெசு அடிகள் (1676–1742) தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் இயற்றினார். சுவிசேட விரித்துரை, வியாகுலப் பிரசங்கம் ஆகியன அவருடைய தமிழ்ச் சமயவுரை நூல்கள். கொழும்பில் ஒல்லாந்தர் அச்சகம் 1737 முதல் நூல்களை வெளியிட்டது. ஆனால் அதன் கதவு இவர் நூல்களுக்குத் திறக்கவில்லை. ஆதலின் படியெடுப்போரை அமர்த்தி ஓலையில் எழுதுவித்தே தம் நூல்களைக் கோயில்தோறும் சேர்ப்பித்தார்.

வியாகுலப் பிரசங்கம் இயேசுவின் பாடுகளைக் கூறும் ஒன்பது பிரசங்கங்களைக் கொண்டது. தவக்காலத்தில் இதனை இசையோடு வாசித்தல் யாழ்ப்பாணம், மன்னார் ஆகிய பகுதிகளில் வேரூன்றிய வழக்கம். குரு வர இயலாத ஊரிலும் ஏடு சென்றது. ஏடு சென்ற ஊரில் குரல் எழுந்தது. அரசின் தடையை வென்றது அச்சுப்பொறி அன்று, எழுத்தாணி.

7. பதிப்பாசிரியர் கடமை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படும். சமயவுரைச் சுவடி உரைத்தவர், எழுதியவர் ஆகிய இருவர் ஆக்கம் என்பது ஒன்று. உரைநடையைப் படியெடுத்தல், எழுத்தின் இயல்பினாலேயே, பொருள் கொள்ளும் செயலாக அமைந்தது என்பது மற்றொன்று. ஏட்டில் காணும் வழுக்களுள் ஒரு பகுதி அக்காலப் பேச்சு வழக்கின் சான்றாகும் என்பது மூன்றாவது.

இவை உண்மையாயின், இத்தகு சுவடிகளைப் பதிப்பிக்கும் முறையும் அதற்கேற்ப அமைதல் வேண்டும். செய்யுட் சுவடிகளுக்கு வகுத்த நெறியை உரைச்சுவடிகளுக்கும் அப்படியே கொள்ளுதல் தீங்கு பயக்கும். அஞ்சு என்பதை ஐந்து எனவும், எழுதினான் எனும் பொருளில் வரும் வழக்குச் சொல்லை இலக்கண வடிவாகவும் சொல்லாமல் மாற்றுவோர், ஏட்டைச் செப்பம் செய்வதாகக் கருதிக்கொண்டே ஒரு நூற்றாண்டின் குரலை அழிக்கின்றனர். திருத்தம் வேண்டுமிடத்து அதனைத் தெரிவித்துத் திருத்துக; ஏட்டின் வடிவை அடிக்குறிப்பிலேனும் காட்டுக. ஒரே உரைக்குப் பல படிகள் கிடைப்பின், மூலத்தை மீட்டலோடு அமையாது, ஒவ்வொரு படியும் எவ்வூரில் யாரால் படிக்கப்பட்டது என்பதையும் ஆராய்க. ஏட்டின் இறுதியில் ஆண்டும் திங்களும் நாளும் குறித்து எழுதி முடித்த செய்தி இருப்பின், அதனை நூலின் உறுப்பாகவே அச்சிடுக. எழுதினவன் பெயர் நிற்கும் ஒரே இடம் பெரும்பாலும் அதுவே. பதிப்பாசிரியர் அதனையும் விடுத்தால் அப்பெயர்க்கு வேறு புகலிடம் இல்லை.

பட்டம் பெற்று ஆய்வுத்துறையிற் புகும் இளைஞர்க்கு இத்துறையில் பணி மிகுதி. பெருநூலகங்களின் அட்டவணைகளில் 'உரைநடை', 'சமயம்', 'பல்வகை' என்னும் தலைப்புக்களின்கீழ் ஒதுங்கிக் கிடக்கும் சுவடிகளை அவர்கள் முதலில் நோக்குக. திருவரங்கத்துக் காலட்சேப ஏட்டையும், ஈழத்துத் தவக்கால ஏட்டையும், தரங்கம்பாடி ஏட்டையும் ஒருங்கு வைத்து ஒப்பிடுக. சமயத்தால் வேறுபட்ட இவை எழுத்தாணியால் ஒன்றுபட்டவை. வைணவ உலகம் தன் உரையை எழுதிய வடக்குத் திருவீதிப் பிள்ளையை ஆசாரியருள் ஒருவராக வைத்து வணங்கிற்று. அவரையொத்த பிற எழுத்தர்க்கு அத்தகைய பேறு வாய்க்கவில்லை. 'ஏட்டைக் கெடுத்தான்' என்னும் பழமொழியையாவது அவர்கள்பால் இனி நாம் ஆராய்ந்து வழங்குதல் முறையாகும்.